வேலிப் பொட்டால் ஓர் இலக்கியப் பயணம்

புத்தகத்தில் படித்த யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்க்க வேணும், எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் முதலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குத்தான் கூட்டிப் போவேன். அவர்கள் நல்லூர்த் தேரடியையோ பொது நூலகத்தையோ எதிர்பார்த்திருப்பார்கள். அவை எங்கேயும் ஓடிப் போகப் போவதில்லை. முதலில் வாங்கில் இருந்து ஒரு பிளேன்டீக்குச் சொல்லுங்கள். கண்ணாடிக் கிளாசில் வரும். அதை எடுத்து வாயில் வைக்கிறீர்களே, அந்தச் சின்னச் செய்கைக்காக இந்தக் குடாநாட்டில் மண்டைகள் உடைந்திருக்கின்றன, கடைகள் எரிந்திருக்கின்றன, நாவல்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

எங்கள் வீடுகளில் மூக்குப்பேணி என்று ஒன்று இருந்தது. பித்தளையில் செய்தது, ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். வாயில் முட்டாமல் அண்ணாந்து, மூக்கால் ஊற்றிக் குடிக்க வேண்டும். இப்போது பழம்பொருள் கடைகளில் வடிவான சாமானாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், கனடாவுக்கும் போகிறது. வந்தவருக்கு அந்தப் பேணியை நீட்டுவதா இல்லையா என்பதில் அன்று ஒரு முழுச் சமூக ஒழுங்கும் அடங்கியிருந்தது. ஒதுக்கப்பட்ட சாதியாருக்குப் பேணி இல்லை. வீட்டில் சிரட்டை. கடையிலும் உள்ளே வாங்கில் இருக்க முடியாது. வெளியே நின்றோ நிலத்தில் குந்தியோ போத்தலிலும் தகரத்திலும் வாங்கிக் குடிக்க வேண்டும். காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே காசு.

தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் வாங்கு அசையவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது; அடி வாங்கியவர்கள் திரும்பிப் போகாமல் நடந்தார்கள். அதற்குப் பிறகான ஆண்டுகளில் தேநீர்க்கடைப் பிரவேசமும் கோயில் பிரவேசமும் ஊர் ஊராகப் பரவின. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் கே. டானியல். இன்று நாங்கள் அவரை நாவலாசிரியராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. கடை வாசல், கிணற்றடி, கோயில் வீதி என்று அவர் நாவல்களில் வருகிற இடங்கள் பெரும்பாலும் அவரும் தோழர்களும் நேரில் போய் நின்ற இடங்கள். ஆகவே தேத்தண்ணிக் கடையை இலக்கியத் தலம் என்று நான் சொல்வது பகிடிக்கு அல்ல.

வேறு நாடுகளில் இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பதற்குப் போலந்தைப் பார்க்கலாம். தலைநகர் வார்சாவில் கிராகோவ்ஸ்கியே பிஷெத்மியெஷ்சியே என்று ஒரு பெரிய வீதி. (பெயரைச் சொல்லிப் பழகவே ஒரு கிழமை வேணும்.) போலெஸ்வாஃப் புரூஸ் என்பவர் 1880களின் கடைசியில் பத்திரிகைத் தொடராக எழுதிய ‘பொம்மை’ என்ற நாவல் அந்த வீதியில்தான் நடக்கிறது. வொகுல்ஸ்கி என்ற வணிகரும் அவருடைய கடையைப் பார்த்துக்கொள்ளும் ஜெட்ஸ்கி என்ற கிழவரும் அதன் முக்கிய ஆட்கள். அந்த வீதியில் இன்று இரண்டு கட்டடங்களில் கல்வெட்டுப் பதித்திருக்கிறார்கள். 1878–79இல் இந்த வீட்டில் வொகுல்ஸ்கி வசித்தார் என்கிறது ஒன்று, மற்றது ஜெட்ஸ்கிக்கு. இல்லாத மனிதர்களுக்கு நகரம் விலாசம் கொடுத்திருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1944 எழுச்சிக்குப் பிறகு ஜேர்மன் படைகள் வார்சாவை வீடு வீடாகத் தகர்த்தன. போர் முடிந்த பிறகு பழைய ஓவியங்களையும் பார்த்துத்தான் நகரத்தின் பழைய பகுதிகளை மறுபடி எழுப்பினார்கள். குடியிருந்தவர் கற்பனை, சுற்றி நிற்கும் நகரத்தில் பெரும்பகுதி மறுபிறப்பு. ஆனாலும் வாசகர் வந்து அந்தக் கல்வெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

யாழ்ப்பாணமும் இடிந்து எழும்பிய ஊர்தான். எங்களிடமும் சிலைகளுக்குக் குறைவில்லை. நாவலருக்கு உண்டு, நவாலியூர் சோமசுந்தரப் புலவருக்கு உண்டு. ஆனால் கதையில் வந்த ஓர் ஆளுக்குக் கல்வெட்டு எங்கேயும் இல்லை. வீட்டைத் தேடிப் போவதும் இங்கே பெரும்பாலும் வீண். எழுத்தாளர் பிறந்த வீடு வித்திருக்கும், அல்லது ஷெல் விழுந்திருக்கும், அல்லது பூட்டிக் கிடக்கும். அதோடு எங்கள் எழுத்து வீட்டுக்குள் அவ்வளவாக நடப்பதும் இல்லை என்பது என் எண்ணம். பாரிஸ் நாவலுக்கு வரவேற்பறை வேண்டும், ரஷ்ய நாவலுக்குப் பண்ணை வீடு வேண்டும். யாழ்ப்பாணக் கதைக்கு வேண்டியது ஒரு படலை: யார் உள்ளே வரலாம், யார் எதுவரை வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம். படலை, வேலி, கிணற்றுக் கட்டு, கோயில் வெளிவீதி, கடை வாசல், கடைசியில் கோட்டை வாயில். இந்த வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் நூறு ஆண்டு இலக்கியத்தின் பெரும்பகுதியைப் பார்த்ததாகிவிடும்.

வேலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் அது மறைந்துகொண்டு வருகிறது. கிளுவை அல்லது பூவரசங் கதியாலை வரிசையாக நட்டு, குறுக்கே தடி வைத்து, கிடுகையோ பனையோலையையோ நிறுத்திக் கட்டிக்கொண்டு போவார்கள். ஓர் ஆள் உள்ளே, ஓர் ஆள் வெளியே. குத்தூசியால் கயிற்றை இந்தப் பக்கம் குத்திவிட, அந்தப் பக்கத்துக்காரர் வாங்கிச் சுற்றித் திருப்பிவிடுவார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஆனால் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே வேலை நடக்கும். ஓலை உக்கிப் போக, மறுபடி அடைப்பு. அப்படி அடைக்கிற சாக்கில் கதியாலை நாலு விரல் பக்கத்து வளவுக்குள் தள்ளி நட்டுவிட்டால் அதற்குப் பிறகு அப்புக்காத்துமாருக்குக் கொண்டாட்டம். எங்கள் ஊரில் சட்டத்தரணிகள் நல்ல வீடு கட்டியதில் வேலிக் கதியாலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு பாடுபட்டு அடைத்த வேலியில் ஒரு பொட்டும் விட்டிருப்பார்கள். ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. உப்பு, நெருப்பு, கறிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பூ, ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய்வரும். பொட்டு எந்த வளவுக்குத் திறக்கிறது, எந்த வளவுக்குத் திறக்கவில்லை என்று பார்த்தாலே சொந்தமும் சாதியும் விளங்கிவிடும். இரண்டு வீட்டுக்குள் கோபம் என்றால் முதலில் அடைபடுவதும் அதுதான். செங்கை ஆழியான் ஒரு நாவலுக்குக் ‘கிடுகு வேலி’ என்றே பெயர் வைத்தார். இப்போது பிரதான ஒழுங்கைகளில் வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பிவிட்டது. கிடுகு வேலி பார்க்க வேண்டுமென்றால் வடமராட்சியிலும் தீவுகளிலும் உள் ஒழுங்கைகளுக்குள் சைக்கிளில் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் வேண்டாம்; வேகமாகப் போனால் பொட்டுத் தெரியாது.

படலையடியில் நின்று நினைக்க வேண்டிய கதை என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’. மேடையில் சமத்துவம் பேசுகிற ஒரு பெரிய மனிதரைத் தேடி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் இரவில் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே கூப்பிட்டு இருத்த அவருக்கு மனம் வரவில்லை. கூப்பிட மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெளியே நல்ல நிலவாக இருக்கிறது, அங்கே போய்ப் பேசலாம் என்று அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை. அதில் அடிதடி இல்லை, ஏச்சுப்பேச்சு இல்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் கதைக்கிறார்கள். ஈழத்துச் சிறுகதைகளில் இதைவிடக் கூர்மையாக யாழ்ப்பாண மரியாதையைப் பிடித்த ஒன்றை நான் படிக்கவில்லை.

இனி வீதிக்கு வருவோம். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காங்கேசன்துறை வீதியைப் பிடியுங்கள். பட்டணத்துக்குள் கஸ்தூரியார் வீதியில் ஒரு முடிதிருத்தும் நிலையம் இருந்தது. அதில் தொழில் செய்தவர் டொமினிக் ஜீவா. தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவானந்தம் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது அவரால் ஈர்க்கப்பட்டு, அவர் பெயரின் பாதியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். முடி வெட்ட வந்து முறை வருமட்டும் காத்திருக்கிறவர்கள் அங்கே பத்திரிகையும் புத்தகமும் படித்தார்கள், அரசியல் கதைத்தார்கள். அந்தக் கதிரையடியில் நின்றுகொண்டே ஜீவா எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’ மாத இதழைத் தொடங்கினார். காங்கேசன்துறை வீதி முகவரியிலிருந்து பல ஆண்டுகள் வந்து, போர்க்காலத்தில் கொழும்புக்கு இடம்மாறி, 2012 மட்டும் வந்து, 400 இதழை எட்டியது. சந்தா சேர்ப்பது, அச்சகத்துக்கு ஓடுவது, அச்சான இதழைக் கையில் கொண்டு திரிந்து விற்பது எல்லாம் அவர்தான். ஜீவா 2021 தொடக்கத்தில் காலமானார். பட்டணத்தில் ஒரு கல்வெட்டுப் பதிக்க எனக்கு அனுமதி தந்தால் முதலாவதை அந்தச் சலூன் இருந்த இடத்தில்தான் பதிப்பேன்.

பஸ் கோண்டாவிலைக் கடக்குமுன் கொக்குவில். அ. முத்துலிங்கத்தின் ஊர். ‘அக்கா’ தொகுதியிலிருந்து ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ வரை, அவர் ஆபிரிக்காவிலும் கனடாவிலும் இருந்துகொண்டு எழுதினாலும், கதை சுற்றிச் சுற்றி இந்த ஒழுங்கைகளுக்குள் வந்துவிடும். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றால், விசேஷமாக ஒன்றும் இல்லை. ரயில் பாதை, சின்ன ஸ்டேஷன், பள்ளிக்கூடம். முத்துலிங்கத்தின் வாசகருக்கு அது போதும்.

சுன்னாகத்தில் இறங்கத்தான் வேண்டும். ‘ஈழகேசரி’ 1930 தொடக்கம் 1958 வரை இங்கிருந்துதான் வந்தது. குரும்பசிட்டி நா. பொன்னையா நடத்திய பத்திரிகை. இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் என்று ஈழத்துச் சிறுகதையின் முதல் தலைமுறை அதில் எழுதியது. அதே சுன்னாகத்திலிருந்துதான் நான் முதலில் சொன்ன ஒக்டோபர் ஊர்வலமும் புறப்பட்டது. இலக்கியத்தை அச்சடித்த சந்தியும் பிறகு இலக்கியமாக மாறிய சந்தியும் ஒன்றாகவே இருப்பது ஊரின் அதிர்ஷ்டம்; ஊர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்கு மேலே அளவெட்டிப் பக்கம் திரும்பினால் மகாகவி உருத்திரமூர்த்தியின் ஊர். ஐந்தடியில் குறும்பு செய்கிற ‘குறும்பா’வைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பகிடிக்காரர் என்று அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். கோயில் தேரிழுக்கப் போன ஓர் ஒடுக்கப்பட்ட மனிதனுக்கு நடந்ததை ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையில் எழுதினார். மனிதன் நிலாவில் கால் வைத்த காலம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு மாவிட்டபுரத்துக்குப் போங்கள். கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கதவு பூட்டப்பட்டது, குறுக்கே நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒக்ஸ்போர்ட்டில் படித்த கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். இந்தப் போராட்டத்திலிருந்து ரகுநாதன் ‘கந்தன் கருணை’ என்று ஒரு நாடகம் எழுதினார். அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடினார்கள். பின்னால் 1990இலிருந்து இந்தப் பகுதி முழுதும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, யாருமே ஊருக்குள் போக முடியாமல் போனது. சாதி பார்த்து வாசலை மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் ஒரே முகாமில் வரிசையில் நின்றார்கள். முகாமிலும் கிணற்றுச் சண்டை வந்தது என்று சொல்வார்கள்.

நேரம் இருந்தால் திரும்பும்போது சண்டிலிப்பாய், சங்கானைப் பக்கமாக வாருங்கள். அ. சிவானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய ‘வென் மெமரி டைஸ்’ நாவலின் வேர் சண்டிலிப்பாய் மண்ணில் இருக்கிறது. சங்கானை நிச்சாமத்தில் 1960களின் பிற்பகுதியில் தீண்டாமைக்கு எதிராக நடந்த மோதல்களைக் கேள்விப்பட்டு, மட்டக்களப்பிலிருந்து சுபத்திரன் ‘சங்கானைக்கென் வணக்கம்’ என்று ஒரு கவிதை எழுதினார். சந்தைக்குப் பேர்போன ஒரு சிற்றூருக்கு நாட்டின் மற்றக் கரையில் இருந்த ஒரு கவிஞன் வணக்கம் சொன்னான். அந்த வணக்கத்தை இன்றும் சங்கானையை விட மட்டக்களப்பில்தான் அதிகம் பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற நிலம். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடி வெயிலுக்கு மறைந்துவிடும். மாரி மழை கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சவர் ஏறிவிடும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவன் கையில் ஊர். ஒதுக்கப்பட்டவர்கள் கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. வெறுங்குடத்தோடு தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். டானியலின் ‘தண்ணீர்’ இந்தக் காத்திருப்பைப் பற்றிய நாவல். கோடையில், வைகாசி ஆனியில், மத்தியான வெயிலுக்குள் ஒரு கிராமத்துக் கிணற்றடிக்குப் போய்ப் பாருங்கள். அந்த வெயிலில் இன்னொருவர் வந்து அள்ளித் தருமட்டும் நிற்பது என்றால் என்ன என்று நாவல் பாதி சொல்லும், வெயில் மீதியைச் சொல்லும்.

எல்லாமே கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வல்லிபுரத்துக்குப் போகும் நாளை நான் எப்போதும் தனியாக வைத்துக்கொள்வேன். பருத்தித்துறையிலிருந்து கிழக்கே போனால் புலோலி தாண்டி மணல் தொடங்கும். வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சுற்றியும் மணல், அதற்கு அப்பால் கடல்வரைக்கும் மணல் திட்டிகள். 1936இல் இங்கே கிடைத்த எழுத்துப் பொறித்த பொன்னேட்டைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அது அவர்கள் பாடு. எங்களுக்கு இது இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’ நடக்கிற இடம். கலியாணம் முடித்துக் கனகாலம் ஆகாத ஒரு சோடி வண்டில் கட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வருகிறது. அவள் காலில் போட்ட பாதசரத்தில் ஒன்று சனத்துக்குள் தொலைந்துபோகிறது. அவனுக்குக் கோபம், இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிடுகிறான். அவள் வாயடைத்துப் போகிறாள். திரும்பி வரும் இரவுப் பயணத்தில் அந்தக் கோபம் எப்படிக் கரைகிறது என்பதுதான் கதை. ஒரு கொலுசு, ஒரு பிணக்கு, ஓர் இரவு. ஊரைத் திருத்த வேண்டும் என்ற அவசரம் எதுவும் இலங்கையர்கோனுக்கு இல்லை. ஏழாலையில் பிறந்த இவர் 1961இல் ஐம்பது வயதைத் தொடுமுன்பே போய்விட்டார்.

புரட்டாதியில் திருவிழாக் காலத்தில் போனால் கச்சான் கடைகளும் காப்புக் கடைகளும் நிறைந்திருக்கும், சமுத்திரத் தீர்த்தத்துக்கு ஊரே கடற்கரையில் நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் கணுக்கால் புதையப் புதைய நாலடி நடந்தால், தொலைந்த பாதசரத்தை ஏன் தேடி எடுக்க முடியாமல் போனது என்பது காலுக்கு விளங்கிவிடும். புத்தகத்தைப் படித்து இடத்தைப் பார்ப்பதன் பலன் இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டணத்துக்குத் திரும்பி, கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டியது. ஆங்கிலத்தில் எழுதிய இருவர் இதற்குள் இருந்திருக்கிறார்கள். 1905 தொடக்கத்தில் லெனாட் வூல்ஃப் என்ற இளம் ஆங்கில அதிகாரி ஒரு நாயோடும் வோல்தேரின் தொண்ணூறு தொகுதிகளோடும் இங்கே வந்து, கோட்டைச் சுவரின் மேலிருந்த பங்களாவில் குடியேறினார். வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்று பின்னால் அறியப்பட்டவர் இவர்தான். அம்பாந்தோட்டையை வைத்து அவர் எழுதிய நாவலை எல்லாரும் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியதைக் குறைவாகத்தான் பேசுவார்கள். அதில் ஒரு சம்பவம் பிரதான வீதியில் நடக்கிறது. இவர் குதிரையில் போகிறார். வீதியை மறித்து நீட்டிக் கட்டிய ஒரு விறாந்தையைக் கூட வந்த அதிகாரிக்குச் சவுக்கால் சுட்டிக் காட்டுகிறார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தால் வண்டியில் போன சந்திரசேகரா என்ற சட்டத்தரணிக்கு, வேண்டுமென்றே தன் முகத்தில் சவுக்கை வீசினான் என்று பட்டுவிட்டது. யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் முறைப்பாடு செய்தது. அடிக்கவில்லை என்று வூல்ஃப் சொன்னார். ஆனால் தான் அடித்திருக்கக்கூடும் என்று ஓர் ஊரே ஏன் நம்பியது என்ற கேள்வி அவரை விடவில்லை. தான் குதிரையில் இருப்பதே ஓர் அவமதிப்புத்தானோ என்று யோசிக்கத் தொடங்கினார். பேரரசின் மேல் அவருக்கு வந்த வெறுப்பின் ஒரு நுனி எங்கள் பிரதான வீதியில் இருக்கிறது. அந்த வீதியில் இன்றும் விறாந்தை நீட்டிக் கட்டுகிறார்கள்.

மற்றவர் மைக்கேல் ஒண்டாச்சி. தன் குடும்பத்தின் கதையைத் தேடி அவர் 1970களின் கடைசியில் இலங்கைக்கு வந்தபோது, கலவரங்களை விசாரிக்கும் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய அவருடைய மாமா கோட்டைக்குள்ளிருந்த பழைய ஆளுநர் மாளிகையில் தங்கியிருந்தார். 1982இல் வெளியான ‘ரண்ணிங் இன் த ஃபமிலி’யில் அந்த மாளிகை பெரிய அறைகளோடு வருகிறது. இப்போது கோட்டைக்குள் போனால் புல்லும் கல்லும்தான். மாளிகையும், 1706இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயமும் 1990 முற்றுகையோடு அழிந்தன. அந்த அறைகளுக்குள் நடக்க வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறப்பதுதான் வழி.

கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் பொது நூலகம். 1981 மே 31 இரவு எரித்தார்கள்; ஏறத்தாழ 97,000 நூல்கள். அதே வன்முறையில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. சம்பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட மொழியறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர்விட்டார். இந்த எரிப்பிலிருந்து இரண்டு கவிதைகள் வந்தன. எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’, சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’. முன்னவர் கல்முனைக்காரர், அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்; பின்னவர் மகாகவியின் மகன். கட்டடம் வெள்ளை வெளேரென்று மறுபடி நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே போய், வாசிப்பறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் இருந்து அந்த இரண்டு கவிதையையும் படியுங்கள்.

கடைசியாகத் தீவுகள். பண்ணைப் பாலத்தால் கடலுக்கு நடுவே போனால் மண்டைதீவுத் திருப்பம் கடந்து அல்லைப்பிட்டி வரும். ‘கொரில்லா’ எழுதிய ஷோபாசக்தியின் ஊர். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ படத்தில் கதாநாயகன் இவர்தான். இன்னும் போனால் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து ஒரு பக்கம் நயினாதீவு. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. மற்றப் பக்கம் ஒரு மணித்தியாலக் கடல் கடந்தால் நெடுந்தீவு. கடற்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள். இங்கே வேலிக்குக் கதியாலும் இல்லை, பொட்டும் இல்லை. கல்லைத் தாண்டிக் கழுத்து நீட்டிக் கதைக்கலாம். வாடை பெயரும் பருவத்தில் வெளியூர் மீனவர்கள் வந்து வாடி போடுவதையும் அவர்களுக்கும் தீவாருக்கும் இடையே நடப்பதையும் வைத்துச் செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ எழுதினார். 1978இல் அது படமாகவும் வந்தது. அவர் புவியியல் படித்தவர், அது தெரியும். காற்றும் நீரோட்டமும் அவர் கதையில் ஆட்களைப் போலவே வேலை செய்யும். வ. ஐ. ச. ஜெயபாலன், ‘ஆடுகளம்’ படத்தின் பேட்டைக்காரன் என்றால் உங்களுக்கு முகம் தெரியும், ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ எழுதியதும் இந்தத் தீவுக்குத்தான். போகிற வழியிலேயே ‘குமுதினி’ என்ற பெயரைக் கேட்பீர்கள். 1985 மே 15இல் அந்தப் பயணிகள் படகில் நடந்த கொலைகளை மறந்துவிட்டு அந்தக் கடலைக் கடப்பவர் தீவில் இல்லை.

புத்தகங்களுக்கு என்ன செய்வது? நான் சொன்னவற்றில் பல இப்போது கடையில் கிடைப்பது கடினம். பஸ் நிலையத்துக்குக் கிட்டப் பூபாலசிங்கத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ‘ஈழகேசரி’யிலிருந்து ‘மல்லிகை’ வரைக்கும் கனக்க இருக்கிறது, காசில்லாமல் போனிலேயே படிக்கலாம். தீவுக் கடலில் சிக்னல் நம்ப முடியாது. முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். டானியலைப் படித்துவிட்டு, கையில் புத்தகத்தோடு ஊருக்குள் போய், நாவலில் வருகிற அந்தக் கமக்காரன் எந்த வீடு, அந்தக் கிணறு எந்த வளவு என்று படலை படலையாக விசாரிக்காதீர்கள். வொகுல்ஸ்கிக்குக் கல்வெட்டு வைத்தால் வார்சாவில் யாருக்கும் கோபம் வராது. இங்கே அடித்தவருடைய பேரப்பிள்ளைகளும் அடிபட்டவருடைய பேரப்பிள்ளைகளும் இன்னும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். ஒரே சங்கக்கடையில் சாமான் வாங்குகிறார்கள், பிள்ளைகள் ஒரே ரியூட்டரிக்குப் போகிறார்கள். நீங்கள் கேட்டுவிட்டுப் பின்னேரப் பஸ்ஸைப் பிடித்துவிடுவீர்கள். கேள்வி அங்கேயே நிற்கும்.